தொகுப்பியின் செப்பும் வழுவும்: நிரலாக்கப் பிழைச்செய்திகளின் தமிழ்த்தொடர் பற்றிய ஒரு திறனாய்வு

1. தமிழில் நிரலாக்க மொழி அமைக்கும் முயற்சிகளைப் பற்றி எழுதுவோர் பெரிதும் குறிச்சொற்களைப் பற்றியே எழுதுகின்றனர். ஆங்கிலத்தின் 'இஃப்' தமிழில் 'ஆனால்' ஆகலாமா, 'எனில்' ஆகலாமா. 'பிரிண்ட்' என்பதற்குப் 'பதிப்பி' பொருந்துமா, 'அச்சிடு' பொருந்துமா என்னும் அளவிலேயே விவாதம் நின்றுவிடுகிறது. கலைச்சொல்லாக்கத்தில் நமக்கு நெடிய பழக்கம் உண்டு. ஆதலின் இது வியப்பன்று. ஆயினும் குறிச்சொல் என்பது மனிதன் கணிப்பொறிக்கு எழுதுவது. கணிப்பொறி மனிதனுக்கு எழுதுவது வேறு. நிரலைப் படித்துப் பொறிமொழியாக்கும் தொகுப்பி, தன்னால் ஏற்க இயலாத ஒன்றைக் கண்டவிடத்து ஒரு தொடரால் மறுமொழி கூறுகிறது. நிரல் கற்கத் தொடங்குவோன் நாள்தோறும் படிப்பது இத்தொடர்களையே. இவற்றைத் தமிழில் அமைப்பதற்குச் சொல்லாக்கம் மட்டும் போதாது, தொடரியல் வேண்டும். இக்கட்டுரை அத்தொடரியலின் சில சிக்கல்களை ஆராய முற்படுகிறது.

இதற்குத் தூண்டுதலாக அமைந்தது நாராயணவனத்துச் சூழல். 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு இணைக்கப்பட்ட எல்லைமாற்றத்தின்போது ஆந்திரத்திலேயே நின்றுவிட்ட, 2022-இல் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து திருப்பதி மாவட்டத்தின் பகுதியான இவ்வூரில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல சமயம் ஒரே வீட்டில், வழங்குகின்றன. இங்கிருந்து பொறியியல் படிக்கச் செல்லும் மாணவர் சி மொழியின் பிழைச்செய்தியை ஆங்கிலத்தில் படிக்கின்றனர். அதைப் பற்றித் தமிழிலோ தெலுங்கிலோ பேசிக்கொள்கின்றனர். 'பன்னெண்டாவது லைன்ல எர்ரர் காட்டுது, ஆனா தப்பு மேல இருக்கு' என்பது இங்குக் கேட்ட ஒரு தொடர். அதே பொருளில் 'எர்ரர் இக்கட சூபிஸ்தோந்தி, கானீ தப்பு பைன உந்தி' என்று தெலுங்கிலும் கேட்கலாம். 'காட்டுகிறது' என்பதற்கும் 'இருக்கிறது' என்பதற்கும் இடையே இம்மாணவர் செய்யும் வேறுபாடு, தொகுப்பிகள் தம் செய்திகளில் பெரும்பாலும் செய்யாத வேறுபாடாகும்.

2. இத்துறையின் வரலாற்றை விரிவாகக் கூறுதல் ஈண்டு வேண்டுவதன்று. தொகுப்பி பயனாளருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்னும் வினாவை ஹார்னிங் 1974-லேயே தலைப்பாக்கி எழுதினார். பென் ஷ்னைடர்மன் 1982-இல் 'சட்டத்துக்குப் புறம்பானது', 'உயிர்க்கேடான பிழை' எனப் பொருள்படும் கடுஞ்சொற்களை நீக்கி, பயனாளர் அடுத்துச் செய்யவேண்டியதைக் குறிப்பாகக் கூறுமாறு வற்புறுத்தினார். அதற்கடுத்த ஆண்டில் பி. ஜே. பிரவுன், மனிதனும் பொறியும் சந்திக்கும் களத்தில் புறக்கணிக்கப்பட்ட பகுதி என்றே பிழைச்செய்தியைக் குறிப்பிட்டார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நிலைமை பெரிதும் மாறவில்லை. டைட்டஸ் பாரிக் முதலியோர் 2017-இல் 56 பேரின் கண்ணோட்டத்தைக் கருவிகொண்டு பதிவு செய்தனர். அவர்கள் தம் பணிநேரத்தில் 13 முதல் 25 விழுக்காடு வரை பிழைச்செய்திகளைப் படிப்பதிலேயே செலவிட்டனர் என்றும், அச்செய்திகளைப் படிப்பது நிரலைப் படிப்பதற்கு ஒப்பான அளவு கடினமாயிருந்தது என்றும் அவ்வாய்வு காட்டிற்று. நிரலர் செய்தியைப் படிப்பதே இல்லை என்னும் பொதுக்கருத்து இதனால் தளர்ந்தது. படிக்கின்றனர், ஆனால் அது எளிதாக இல்லை. ஆங்கிலம் அறிந்தோர்க்கே இந்நிலை எனின், ஆங்கிலத்தை மூன்றாம் மொழியாகப் பயின்ற நாராயணவனத்து மாணவர்க்கு அது எவ்வாறிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

3. ஆங்கிலப் பிழைச்செய்தி முழுத்தொடர் அன்று. தந்தியின் நடையில் அமைந்த எச்சத்தொடர் அது. ஜிசிசி தொகுப்பியில் அரைப்புள்ளி விடுபட்டால் 'எக்ஸ்பெக்டட்' என்னும் சொல்லோடு செய்தி தொடங்குகிறது. எதிர்பார்த்தவர் யார், எப்போது என்பன அதில் இல்லை. ஆங்கிலத்தின் இறந்தகாலப் பெயரெச்ச வடிவு அவ்வின்மையை மறைக்க வல்லது. இதனைத் தமிழாக்குவோர் 'அரைப்புள்ளி எதிர்பார்க்கப்பட்டது' என எழுதிவிடுகின்றனர். தமிழ்ப் படுபொருள்வினை எழுவாயின்மையை மறைப்பதில்லை. மாறாக, செய்தவன் ஒருவன் உண்டு, அவன் பெயர் கூறப்படவில்லை என்னும் உணர்வையே எழுப்புகிறது. படிப்போன் 'யாரால்?' எனக் கேட்கிறான். மேலும் 'எதிர்பார்க்கப்பட்டது' என்னும் இறந்தகாலம், எதிர்பார்ப்பு இப்போது தீர்ந்துவிட்டது போன்ற மயக்கத்தையும் தருகிறது.

முன்பு நம் கல்லூரிகளில் பரவலாக வழங்கிய டர்போ சி தொகுப்பி இதே பிழையை வேறுவிதமாகக் கூறிற்று. கூற்று ஒன்றில் அரைப்புள்ளி குறைகிறது என்பதே அச்செய்தியின் பொருள். இது தமிழில் 'இக்கூற்றின் இறுதியில் அரைப்புள்ளி இல்லை' என இயல்பாக அமையும். இன்மையைக் கூறுவதற்குத் தமிழில் 'இல்லை' என்னும் குறிப்புவினை இருக்கிறது. அது காலம் காட்டாது, செய்தவனை வேண்டாது. பிழைச்செய்திக்கு இதனினும் பொருத்தமான வினையைத் தேடிக் கண்டெடுத்தல் அரிது. ஆயினும் மொழிபெயர்ப்பாளர் பலர் மூலத்தின் வினைவடிவைக் காக்கும் முனைப்பில் இதனைக் கைவிடுகின்றனர் என்பது என் கருத்து.

இன்னொரு செய்தியைக் காண்போம். '5 = x' என்பதுபோல் எண்ணுக்கு மதிப்பு அளிக்க முயன்றால் ஜிசிசி 'எல்வேல்யூ ரிக்வயர்ட் அஸ் லெஃப்ட் ஆப்பரண்ட் ஆஃப் அசைன்மெண்ட்' என்கிறது. இதில் 'எல்வேல்யூ' என்பது தொகுப்பியை எழுதுவோர் குழுவின் சொல், நிரலரின் சொல்லன்று. இதற்கு 'இடமதிப்பு' என ஒரு கலைச்சொல்லை ஆக்கி மொழிபெயர்த்தால், புரியாத ஆங்கிலம் புரியாத தமிழாகும். கணக்குப் பாடத்தில் 'இடமதிப்பு' வேறு பொருளில் முன்பே வழங்குவதால் தீங்கு இரட்டிக்கும். 'சமக்குறியின் இடப்பக்கத்தில் மதிப்பை ஏற்கும் பெயர் வேண்டும். இங்கு 5 என்னும் எண் உள்ளது' என்று கூறின் மாணவன் திருத்திக்கொள்வான். மூலத்தில் இல்லாத பிற்பகுதியை மொழிபெயர்ப்பாளர் தாமே சேர்க்கலாமா என்பது தனி வினா. செய்திக்கோப்பை மட்டும் கையில் கொண்ட மொழிபெயர்ப்பாளரால் அது இயலாது. '5' என்னும் செய்தி அவர்க்குத் தரப்படுவதில்லை. எனவே நல்ல தமிழ்ச்செய்தி தொகுப்பியை அமைக்கும் இடத்திலேயே தொடங்க வேண்டியுள்ளது.

4. தமிழுக்கே உரிய பெருஞ்சிக்கல் பெயர்களில் எழுகிறது. பிழைச்செய்தி ஓர் அச்சு. அதன் நடுவே வெற்றிடம் ஒன்று விடப்பட்டிருக்கும். நிரலர் இட்ட பெயர் ஓடும்போது அவ்விடத்தில் வந்து அமரும். ஆங்கிலத்தில் பெயர் எவ்விடத்து அமரினும் வடிவு மாறாது. தமிழில் வேற்றுமை ஏற்கும் பெயர் வடிவு மாறும். 'மொத்தம்' என்னும் மாறியைக் காணவில்லை என்று சொல்ல வேண்டின் 'மொத்தத்தை' என்றாகும். 'விலை' 'விலையை' ஆகும். 'ஆண்டு' 'ஆண்டை' ஆகும். 'வீடு' 'வீட்டை' ஆகும். தொகுப்பிக்கு இப்புணர்ச்சி விதிகளைக் கற்பிப்பது இயலாததன்று. ஆனால் கற்பித்தல் கூடாது. நிரலர் தம் நிரலில் தேடவேண்டிய சொல் 'மொத்தம்', 'மொத்தத்தை' அன்று. பெயரின் எழுத்துவடிவு சிதையாமல் நிற்றல் இங்கு இலக்கணத்தினும் முதன்மையானது.

செய்தித்தாள்களில் வழங்கும் இடைக்கோட்டு முறை ஒரு தீர்வுபோல் தோன்றும்: 'மொத்தம்-ஐ'. கண்ணுக்கு ஒருவாறு பொருந்தும் இது வாய்க்குப் பொருந்தாது. வாய்விட்டுப் படிக்கும் வழக்கம் தொடக்கநிலை மாணவரிடம் உண்டு என்பதையும், பார்வையற்றோர் திரைவாசிப்புக் கருவியால் கேட்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது. அன்றியும் சி, பைத்தான் போன்ற மொழிகளில் இடைக்கோடு கழித்தற் குறியாகும்.

இதற்குத் திராவிட மொழிகள் தம்முள்ளேயே ஒரு தீர்வை வைத்துள்ளன. 'மொத்தம் என்னும் மாறியை' எனும்போது பெயர் சிதையாது நிற்கிறது; வேற்றுமையுருபை 'மாறி' என்னும் வகைப்பெயர் ஏற்றுக்கொள்கிறது. தெலுங்கில் 'அனே', கன்னடத்தில் 'எம்ப', மலையாளத்தில் 'என்ன' ஆகியன இதே பணியைச் செய்கின்றன. ஆதலின் இத்தீர்வு தமிழுக்கு மட்டும் உரியதன்று. நாராயணவனத்து மாணவன் இருமொழியிலும் ஒரே அச்சைப் பயன்படுத்தலாம். வெற்றிடமும் அதே இடத்தில் இருக்கும். தென்னிந்திய மொழிகளின் பிழைச்செய்திகளை ஒருங்கே அமைக்க எண்ணுவோர் இவ்வொற்றுமையைக் கருதுதல் நன்று.

'என்னும்' வகைப்பெயரை வேண்டுவதால் இன்னொரு விளைவும் நேர்கிறது. ஆங்கிலத்தில் ''டோட்டல்' அன்டிக்ளேர்ட்' என்று கூறிவிடலாம். 'டோட்டல்' எத்தகையது என்பதைச் சொல்லாமலே தொடர் நிறைவுறும். தமிழில் 'மொத்தம் என்னும்' என்றபின் ஏதேனும் ஒன்றைக் கூறியாக வேண்டும். மாறி என்பதா? சார்பு என்பதா? அறிவிக்கப்படாத பெயர் எதுவென்பது தொகுப்பிக்குத் தெரியாது. அதனை 'மாறி' என்று கூறின் தொகுப்பி தான் அறியாததை அறிந்ததாகக் கூறியதாகும். 'பெயர்' என்பதே உண்மை: 'மொத்தம் என்னும் பெயர் இதற்குமுன் அறிவிக்கப்படவில்லை'. தமிழ்த்தொடர் தொகுப்பியை எழுதுவோரிடம் 'உமக்கு எவ்வளவு தெரியும்?' என்று கேட்டுவிடுகிறது. மொழிபெயர்ப்பின் இடையூறு என இதனைக் கருதுவோர் உண்டு. யான் அவ்வாறு கருதவில்லை.

சொல்வரிசை பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். 'இன்ன சார்புக்கு அனுப்பிய இத்தனையாவது உள்ளீடு' என்னும் செய்தியில் ஆங்கிலம் எண்ணை முன்னும் சார்பின் பெயரைப் பின்னும் வைக்கிறது. தமிழ் மாற்றி வைக்கும். வெற்றிடங்களுக்கு எண்ணிட்டு இடம் மாற்றும் வசதி செய்திக்கோப்பு முறைகளில் உள்ளது. செய்தியைத் துண்டுதுண்டாக ஒட்டி அமைத்தலாகாது என ஜிசிசி போன்றவற்றின் நெறிமுறைகளும் கூறுகின்றன. இங்குத் தமிழுக்கு ஒரு வசதியும் உண்டு. வரிசைப்பெயர் எல்லா எண்ணுக்கும் 'ஆம்' என்னும் ஒரே ஈற்றைக் கொள்ளும். ஆங்கிலத்தைப்போல் முதலெண்கள் மூன்றுக்கும் வெவ்வேறு ஈறு தேட வேண்டுவதில்லை.

5. இனித் தமிழ்க் குறிச்சொற்களையே கொண்ட மொழி ஒன்றை நோக்குவோம். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' இவ்வகையில் தக்க சான்று. அதுபற்றிய ஆங்கிலக் கட்டுரை 2009-இல் வெளிவந்தது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இக்கருவி கட்டற்ற மென்பொருளாக வழங்குகிறது. இதில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்னும் சொல் பின்னும் வருகின்றன. ஆங்கில வரிசையைத் தமிழ்ச்சொல்லால் நிரப்பாமல் வினையெச்சம் இறுதியில் நிற்கும் தமிழ் வரிசையை மேற்கொண்டமை பாராட்டத்தக்கது. மொழியியலார் இதனைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

ஆயினும் பிழைச்செய்தியின் நோக்கில் காணும்போது இம்மொழியின் மூன்று கூறுகள் ஆராய்வுக்குரியன.

முதலாவது 'முடி'. நிபந்தனையும் சுழற்சியும் நிரல்பாகமும் இவ்வொரு சொல்லாலேயே முடிகின்றன. ஒன்றனுள் ஒன்றாக மூன்று கட்டுகள் அமைந்து இரண்டு 'முடி' மட்டுமே எழுதப்பட்டால், விடுபட்டது எதற்குரியது என்பதைக் கருவி அறிய வழியில்லை. கோப்பின் இறுதிக்குச் சென்றபின் 'முடி இல்லை' என்று கூறலாம், அவ்வளவே. தறியில் இருப்போர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்: பாவுநூல் அறுந்தால் துணியில் கீற்று விழுவது அச்சுக்கு இப்பால், நூல் அறுந்ததோ விழுதுக்கு அப்பால். கட்டுதோறும் வேறு முடிவுச்சொல் கொண்ட ஃபோர்ட்ரான், அடா போன்ற மொழிகளில் தொகுப்பி 'இங்குச் சுழற்சி முடிகிறது. ஆனால் அதற்குள் தொடங்கிய நிபந்தனை இன்னும் முடியவில்லை' என்று சொல்ல இயலும். நல்ல செய்திக்கான வாய்ப்பு மொழியின் இலக்கணத்தை வகுக்கும்போதே பெறவோ இழக்கவோ படுகிறது.

இரண்டாவது 'இல்லைஆனால்'. இது உடம்படுமெய் இன்றி அமைக்கப்பட்ட வடிவு. தமிழ் கற்ற மாணவன் இயல்பாக 'இல்லையானால்' என்று எழுதுவான். அதைக் கருவி வேறொரு பெயராகக் கொள்ளும் இடர் உண்டு. அவ்வாறு கொள்ளின் தமிழில் சரியானது நிரலில் வழுவாகிறது. செய்தியோ, எழுதாத பெயர் ஒன்றைப் பற்றிப் பேசும். மொழியாசிரியர்க்கு இங்கு இரு வழிகள் உண்டு: இரு வடிவையும் ஏற்பது, அல்லது 'இல்லையானால்' வந்தவிடத்து உரிய வடிவைச் சுட்டிக்காட்டும் செய்தி ஒன்றைத் தனியே எழுதி வைப்பது. முன்னதையே யான் விரும்புவேன்.

மூன்றாவது சொல்லும் சொற்குறிப்பும் மயங்குதல். ஆங்கிலத் தொகுப்பியில் முன்பு 'இஃப்' வராமல் 'எல்ஸ்' வந்தால் அதனைக் கூறும் செய்தி உண்டு. அதனை எழில் மொழிக்குப் பெயர்த்தால் 'ஆனால் இல்லாத இல்லை' என்றாகிறது. நகைப்புக்குரியதாகத் தோன்றினும் இது மெய்யான இடர். தமிழ் மாணவனுக்கு 'எல்ஸ்' ஒரு குறி. 'இல்லை' ஒரு வினை. மேற்கோட்குறி, 'என்னும் சொல்' என்னும் தொடர் ஆகிய இரண்டும் சேர்ந்தே இம்மயக்கத்தைத் தீர்க்கும்: ''இல்லை' என்னும் சொல் வந்துள்ளது; அதற்கு முன் வரவேண்டிய 'ஆனால்' என்னும் சொல்லைக் காணவில்லை'. இங்கு 'இல்லை' என்னும் வினையைத் தவிர்த்துக் 'காணவில்லை' என்றமை கருதத்தக்கது. மேலே பிழைச்செய்திக்கு மிகப் பொருத்தமான வினை எனக் கூறிய அதனையே இம்மொழி குறிச்சொல்லாக எடுத்துக்கொண்டது.

6. எழுத்துவடிவால் நேரும் இடர்கள் வேறு. தமிழ்ப்பெயர்களை மாறிகளுக்கு இடும் வசதி பைத்தானின் மூன்றாம் பதிப்பு வரிசையிலும், ஜிசிசியின் 2020-ஆம் ஆண்டைய பத்தாம் பதிப்பிலும் உண்டு. 'கௌரவம்' என்பதை ஔகாரக் குறியால் எழுதலாம்; எகரக்கொம்பும் ளகரமும் இட்டுக் 'கெளரவம்' எனவும் பலர் எழுதிவிடுகின்றனர். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. யூனிகோடு குறியீட்டில் வேறு. ஓரிடத்தில் முன்னதையும் மற்றோரிடத்தில் பின்னதையும் எழுதினால், அப்பெயர் வரையறுக்கப்படவில்லை எனப் பைத்தான் கூறும். 2021-இல் வந்த 3.10-ஆம் பதிப்பு முதல் நெருங்கிய பெயர் ஒன்றைக் காட்டி 'இதையா கருதினீர்?' எனக் கேட்கும் வழக்கமும் சேர்ந்தது. இங்கு அவ்வுதவியே குழப்பமாகும்: ஒன்றுபோல் தோன்றும் இரு சொற்களைக் காட்டி, இது இல்லை, அதுவா என்று கேட்பது மாணவனுக்குக் கேலியாகப் படும். 'எழுத்து வேறு: முன்னதில் ஔகாரக்குறி, பின்னதில் எகரக்கொம்பும் ளகரமும்' என்று கூறும் செய்தியை எழுதத் தமிழ் எழுத்தியல் அறிந்தவர் வேண்டும்.

பிழையின் இடத்தைச் சுட்டும் அம்புக்குறியும் இத்தகையதே. யுடிஎஃப்-8 முறையில் 'நி' என்பது கண்ணுக்கு ஓரெழுத்து, குறியீட்டில் இரண்டு, பைட்டுக் கணக்கில் ஆறு. எதனை எண்ணி 'பத்தாம் இடம்' என்பது? ஜிசிசி 2021-ஆம் ஆண்டைய பதிப்பில் திரையில் தோன்றும் அகலத்தை இயல்பளவாகக் கொண்டது. தமிழெழுத்துகள் சீரான அகலம் உடையன அல்லவாதலின் இதுவும் முழுத்தீர்வன்று. பிழையுள்ள சொல்லையே செய்தியினுள் எடுத்து எழுதுவது எண்ணைவிட நம்பத்தக்கது.

7. செய்தியில் பேசுவது யார்? 2015-இல் எல்ம் என்னும் மொழியின் தொகுப்பி தன்மை ஒருமையில் பேசத் தொடங்கியது: இப்பெயரை என்னால் கண்டறிய இயலவில்லை என்பதுபோல். இம்முறை ரஸ்ட் மொழியின் செய்திகளுக்கும் தூண்டுதலாயிற்று. எனினும் ரஸ்ட் 'நான்' என்பதை மேற்கொள்ளவில்லை. தமிழில் தொகுப்பி 'நான்' எனலாமா? அஃறிணைப் பொருள்களைப் பேசுவனபோலவும் செவிகொடுப்பனபோலவும் கூறும் வழக்கை நன்னூல் பொதுவியலில் ஏற்றுக்கொள்கிறது. எனவே இலக்கணத் தடை இல்லை. ஆனால் தன்மையிடம் வந்தால் முன்னிலையும் வரும். 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பள்ளி மாணவனும் பணியில் மூத்த பொறியாளரும் ஒரே செய்தியைப் படிப்பர். ஆங்கிலத்துக்கு இந்நெருக்கடி இல்லை. 'சேர்க்கவும்', 'நீக்கவும்' என்னும் வியங்கோள் வடிவு இடமும் மதிப்பும் காட்டாது செல்லும். அறிவிப்புப் பலகைகளால் பழகிய வடிவுமாகும். யான் அதனையே பரிந்துரைப்பேன். தெலுங்கில் 'அண்டி' ஈற்று மரியாதை ஏவல் இவ்விடத்தில் தடையின்றி வழங்குவதால் அங்கு இவ்வினா எழுவதே இல்லை.

வழு பற்றிய நம் இலக்கண மரபு இங்கு உவமையளவில் அன்றி நேராகவே பயன்படும். தொல்காப்பியக் கிளவியாக்கத்துக்கு உரை கண்டோர் வழுவைத் திணை, பால், இடம், காலம், மரபு, செப்பு, வினா என எழுவகைப்படுத்தினர். வழாநிலை, வழு என்பவற்றோடு வழுவமைதியையும் கொண்டனர். தொகுப்பிகளும் பிழை என்றும் எச்சரிக்கை என்றும் பிரிக்கின்றன. எச்சரிக்கையை வழுவமைதியின் பக்கத்தில் வைத்து எண்ணலாம்: விதிப்படி ஏற்புடையது; ஆனால் கருத்து அதுதானா என்பது ஐயம். மரபிலக்கணம் அமைதி கூறும்போது காரணத்தையும் கூறும். உவப்பினால், உயர்வினால், சிறப்பினால் என்று. தொகுப்பியின் எச்சரிக்கைகளில் இக்காரணக் கூற்று அருகியே காணப்படுகிறது. செப்பும் வழுவலாம் என்பதை மரபு கண்டிருந்தது என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். வினாவுக்கு விடையாக வராத செப்பு வழு எனின், மாணவன் கேட்காததற்குச் சொல்லும் பிழைச்செய்தியும் வழுவேயாகும்.

நிபந்தனையினுள் இரட்டைச் சமக்குறிக்கு ஈடாக ஒற்றைச் சமக்குறி இட்டுவிடுதல் சி மாணவர் அனைவரும் செய்வது. ஜிசிசி இதற்குக் கூறும் எச்சரிக்கை, மெய்ம்மதிப்பாகப் பயன்படும் மதிப்பளிப்பைச் சுற்றி அடைப்புக்குறி இடுமாறு பரிந்துரைக்கிறது. அதனைக் கேட்டு அடைப்புக்குறி இட்ட மாணவனின் எச்சரிக்கை மறையும், பிழை மறையாது. டர்போ சி 'மதிப்பளிப்பு தவறாக இருக்கக்கூடும்' என்னும் பொருளில் மட்டும் கூறிற்று. இது குறைவாகச் சொல்கிறது. ஆனால் ஐயத்தை ஐயமாகவே சொல்கிறது. தமிழில் ஐயப்பாட்டுக்கு '-கூடும்', '-லாம்', 'போலும்', ஓகார இடைச்சொல் எனப் பல வடிவுகள் உள்ளன. அவை தரும் உறுதியளவும் வேறுபடும். 'தவறாக இருக்கலாம்' என்பது எதுவும் செய்யாமல் விடுவதற்கு இடம் தருகிறது. 'தவறு போலும்' என்பது இன்றைய உரைநடையில் எள்ளலாகக் கேட்கும். 'இங்கு ஒற்றைச் சமக்குறி உள்ளது. இது ஒப்பிடாது, மதிப்பை மாற்றும். ஒப்பிடக் கருதியிருப்பின் இரட்டைச் சமக்குறி இடவும்' என்னும் தொடரில் 'கருதியிருப்பின்' என்னும் எதிர்கால வினையெச்சம் ஐயத்தைத் தொகுப்பியிடமிருந்து எடுத்து நிரலரின் கருத்தின்மேல் வைக்கிறது. முன்னிலைச் சொல் எதுவும் இன்றியே அது முன்னிலையாகிறது.